நெளிந்த வாயை நேராக்கினேன்: ஒரு மடக்குக் கத்தியும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும்

ஸ்டீல் ஸ்கேலைக் கத்தியின் வாய் மீது வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பிடிக்கு அருகே ஓரிடத்தில் தொட்டது. நுனிக்குச் சற்று முன்னால் இன்னோரிடத்தில் தொட்டது. நடுவே பிறை வடிவில் வெளிச்சம். சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். 1.0 தகடும் 0.3 தகடும் சேர்ந்து அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆக, 1.3 மில்லிமீட்டர். இரண்டு வருடமாக இந்தக் கத்தியில் கூர் ஏறாமல் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் அந்த 1.3 மில்லிமீட்டர்தான்.

கத்தி என் தங்கை மகன் பரிசாகக் கொடுத்தது. துருப்பிடிக்காத எஃகு, 80 மி.மீ. நீள வாய், முதுகு 3 மி.மீ. கனம், திறந்ததும் உள்ளிருக்கும் தகடு வந்து பூட்டிக்கொள்ளும் வகை. கையில் அடக்கமாக நிற்கும். வாய் மட்டும் நேர்கோடு இல்லை. பாம்பு நெளிவதுபோல, அடியில் சற்றுப் புடைத்து, நடுவில் உள்வாங்கி, நுனிப் பக்கம் மறுபடி புடைத்து முடிகிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க அழகுதான். எனக்கு அது தோட்டக் கத்தி. உரச் சாக்கின் தையல் நூலை அறுப்பது, சொட்டு நீர்க் குழாயை நறுக்குவது, வாழைக்குக் கட்டிய கயிற்றை வெட்டுவது, மதியம் ஒரு மாங்காயைக் கீறுவது என்று நாள் முழுதும் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும்.

கயிற்றை அறுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கயிறு தானாக வழுக்கி அந்த உள்வளைவுக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. நெளிவு வைத்ததன் நோக்கமே அதுதான். பிடித்து இழுத்து வெட்டும். ஆகவே வேலை முழுவதும் அந்த நடுப்பகுதியின் தலையில் விழுகிறது, முதலில் மழுங்குவதும் அதுவே. ஆனால் தட்டையான தீட்டுக்கல்லில் கத்தியை வைத்தால் கல் தொடுவது இரண்டு மேடுகளை மட்டும். அதிகம் உழைக்கும் இடத்தைக் கல் எட்டுவதே இல்லை. தீட்டத் தீட்ட அடியும் நுனியும் பளபளத்தன. நடுவில் தக்காளித் தோல்கூட இறங்காமல் நசுங்கியது.

முதலில் கத்தியின் வடிவத்தில் கை வைக்காமலே சமாளிக்கப் பார்த்தேன். கல்லின் நீள விளிம்பு ஒன்றை உருட்டிவிட்டு, அந்த உருண்டை ஓரத்தால் உள்வளைவைத் தேய்த்தேன். கல் தொடும் இடம் ஒரு கோடு அளவுதான் என்பதால் கை லேசாக ஆடினாலும் சாய்வு மாறிவிடுகிறது. ஓரிடத்தில் 15 டிகிரி, அரை அங்குலம் தள்ளி 25 டிகிரி என்று வாய் அலைபாய்ந்தது. பிறகு விரல் கனமுள்ள மரக்குச்சியில் எமரித் தாளைச் சுற்றித் தேய்த்தேன். அது ஓரளவு பலித்தது. ஆனால் தாள் வாயின் மேல் லேசாக மடிந்து தேய்ப்பதால் கூரின் உச்சி உருண்டுபோகும். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

தெருவில் சைக்கிளில் சாணை பிடித்துக்கொண்டு வரும் பெரியவரிடமும் கொடுத்துப் பார்த்தேன். கத்தியை வாங்கி, ஒரு கண்ணை மூடி வாயோரமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, இந்த நெளிவுக்குள் என் சக்கரம் சரியாக இறங்காது. சக்கரத்தின் இரண்டு ஓரமும் கடித்து வாயைப் பல் பல்லாக ஆக்கிவிடும். நேர் வாயாக இருந்தால் கொண்டு வாருங்கள்” என்றார். காசுக்காக எதையோ தேய்த்துக் கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முடிவு எனக்கு அந்த நிமிடத்தில்தான் பிறந்தது: கல்லை மாற்றிப் பயனில்லை, வாயைத்தான் மாற்ற வேண்டும்.

உள்வளைந்த வாய் தப்பான வடிவம் என்று நான் சொல்லமாட்டேன். கதிர் அரிவாள் உள்வளைந்துதான் இருக்க வேண்டும். ஒரு பிடி நெல்தாளை அணைத்து அறுப்பது அந்த வளைவுதான். நேபாளத்துக் குக்ரிக் கத்தியும் உள்வளைந்ததே. ஆனால் அவற்றின் வளைவு பெரியது, தெளிவானது. அதற்கென்றே நடு பருத்து, நுனிகள் சிறுத்த படகு வடிவத் தீட்டுக்கல் இருக்கிறது. 80 மி.மீ. வாயில் 1.3 மி.மீ. நெளிவு கொடுக்கும் லாபம் மிகச் சிறியது, கூர் இருக்கும் வரை மட்டுமே கிடைப்பது. என் வீட்டில் இருக்கும் கல்லால் என் கையால் தீட்ட முடியாத கத்தி எனக்குப் பாதிக் கத்திதான்.

கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். “நீங்கள் தினமும் பயன்படுத்துவதுதான் மாமா எனக்குச் சந்தோஷம். தேய்த்துக்கொள்ளுங்கள்” என்றான்.

என் தொழில் ஃபிட்டர் வேலை. பம்பு உதிரிபாகங்களோடு இருபத்தெட்டு ஆண்டுகள். அளக்காமல் அரத்தைத் தொடக் கூடாது என்பது முதல் வருடமே கையில் ஏறிய பழக்கம். மடக்குக் கத்தியில் அளவு இன்னும் முக்கியம். காரணம், வாயைத் தவிர மற்ற எல்லா வளைவுகளுக்கும் பிடிக்குள் ஒரு வேலை இருக்கிறது. கத்தியை மடக்கி, விளக்கடியில் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். வாய்க்கு அடியில், கூர் தொடங்குவதற்கு முன்பு கூரில்லாத ஒரு தடித்த பகுதி உண்டு. மடக்கும்போது அதன் கீழ் மூலைதான் பிடிக்குள் இருக்கும் சிறு உருளைக் கம்பியில் போய் முட்டி நிற்கிறது. அந்த மூலையை அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டால் தகடு அந்த அளவுக்குக் கூடுதலாக உள்ளே இறங்கும், கூர் போய்ப் பிடியின் முதுகுச் சட்டத்தில் இடிக்கும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் கூர் சாகும். ஆகவே அந்த மூலையில் சிவப்பு மையால் கோடு போட்டு, அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நுனியும் அப்படித்தான். மடக்கிய நிலையில் கத்தியின் முதுகு பிடியின் திறந்த பக்கத்தைப் பார்த்து இருக்கிறது, வாய் உள்ளே மறைந்து இருக்கிறது. நுனிப் பக்கத்துப் புடைப்பை ஆசைப்பட்டு நுனிவரை தேய்த்துக்கொண்டு போனால் நுனி முதுகுப் பக்கமாக ஏறும். அதாவது பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கும். சட்டைப் பைக்குள் விரலை விடும்போது ஊசிபோல் குத்தும். என் கத்தியில் நுனி பிடியின் விளிம்புக்கு 1 மி.மீ. கீழேதான் இருந்தது. நுனியிலிருந்து 10 மி.மீ. தூரம் தொடாமல் விடுவது என்று தீர்மானித்தேன்.

எஞ்சியது எளிது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் கத்தியின் உருவை வரைந்து, புதிய வாய்க்கோட்டை அதில் போட்டுப் பார்த்தேன். அடி மேட்டிலும் நுனிப் புடைப்பிலும் ஏறத்தாழ 1.8 மி.மீ., உள்வளைவின் அடிமட்டத்தில் 0.2 எடுக்க வேண்டும். மேடுகளில் இவ்வளவு எடுப்பது ஏன் என்றால், நான் விரும்பியது முழு நேர்கோடு அல்ல, 0.3 மி.மீ. அளவுக்கு வெளிப்புறம் மிக லேசாகப் புடைத்த கோடு. தினசரி தீட்டலில் நடுப்பகுதிதான் கொஞ்சம் அதிகம் தேயும். சரியான நேர்கோடாக விட்டால் ஒரு வருடத்தில் மறுபடி குழி விழும். இந்தப் புடைப்பு அதற்கு வைத்த முன்பணம். அட்டையை வெட்டித் தகட்டின் மேல் ஒளிபுகும் டேப்பால் ஒட்டினேன். முதலில் மார்க்கர் பேனாவால் மட்டும் கோடு போட்டிருந்தேன்; தண்ணீர் பட்டதும் கோடும் சேறும் ஒன்றாகிப் போயின. அட்டைதான் கடைசிவரை நின்றது.

பட்டறையில் பெஞ்ச் கிரைண்டர் இருக்கிறது. பத்தே நிமிட வேலை என்று தோன்றும். தொடவில்லை. 150 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள கத்தி வாயை அதில் காட்டினால் சூடு போக வழியில்லை. கண் இமைப்பதற்குள் வாய் மட்டும் கொதித்துவிடும். இத்தகைய எஃகுக்குக் கடைசிப் பதம் கொடுப்பது ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் அளவில். அதைத் தாண்டிய சூடு பட்ட இடம் மெத்தென்று ஆகிவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கொல்லர்கள் வைக்கோல் நிறம், நீல நிறம் பார்த்துச் சூட்டைச் சொல்வார்கள். ஆனால் துருப்பிடிக்காத எஃகில் அந்த நிறங்கள் சாதாரண எஃகைவிடத் தாமதமாகத்தான் தெரியும். நிறம் வரவில்லை, ஆகவே பதம் கெடவில்லை என்று நம்ப முடியாது. கையால் தேய்த்தால் நேரம்தான் போகும், பதம் போகாது.

பழைய அரம் ஒன்றை வைத்துச் சோதித்தேன். கீச்சென்று சத்தம் போட்டு வழுக்கிக்கொண்டு போனது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல செய்தி, பதம் சரியாக ஏறிய எஃகு. அதேநேரம், அரத்தால் ஆகாத வேலை என்றும் பொருள்.

ஆகவே கார்போரண்டம் கல். முரட்டுப் பக்கம், மென் பக்கம் என்று இரண்டு பக்கமுள்ள சாதாரணச் சாணைக்கல்தான். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் மின் உலையில் சிலிக்கான் கார்பைடு படிகங்களைக் கண்டபோது, கரியும் குருந்தம் என்ற கடினமான கனிமமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். குருந்தத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. நம் ஊர்ச் சாணைக்காரர்கள் அந்தக் குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து உருக்கித்தான் சாணைச் சக்கரம் வார்த்தார்கள். உலகம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்த சொல் அது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தவறு செய்தேன். பிடியைக் கழற்றாமல், கத்தியைத் திறந்து பூட்டிய நிலையிலேயே வேலையைத் தொடங்கினேன். முரட்டுக் கல்லைத் தண்ணீரில் நனைத்து, வாயை நேராகக் கீழ்நோக்கி, கல்லுக்குச் செங்குத்தாக நிறுத்தி, ரொட்டி அறுப்பதுபோல் முன்னும் பின்னும் தேய்த்தேன். இருபது நிமிடத்தில் அடி மேடு பாதி கரைந்தது. மகிழ்ச்சியோடு கழுவி, துடைத்து மடக்கினால் உள்ளே மணல் அரைபடும் சத்தம். கல்லின் சேறு நீரோடு சேர்ந்து கீல் வரைக்கும் போயிருந்தது. நட்சத்திரத் தலை திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது, கீலின் இரு புறமும் இருந்த வெண்கல வாஷர்களில் வட்ட வட்டமாகக் கீறல் விழத் தொடங்கியிருந்தது. மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, வாஷர்களைக் கண்ணாடி மேல் வைத்த மென் எமரியில் லேசாகத் தேய்த்துச் சரிசெய்தேன். கழற்றும்போது வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள்; கடுகளவே உள்ள சிறு குண்டு ஒன்று பூட்டுத் தகட்டில் பதிந்திருக்கும், சில கத்திகளில் அது தளர்ந்து உருண்டுவிடும்.

தகடு தனியே வந்ததும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வேப்பமரத் துண்டு இரண்டை விரல் நீளத்துக்குச் சீவி, கீல் துளை வழியாக ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கித் தற்காலிகப் பிடி செய்தேன். அசல் பிடியைவிட அதுவே வேலைக்கு வசதியாக இருந்தது. முதுகிலும் நுனியிலும் டேப் சுற்றினேன். மீதித் தேய்ப்பு அரை மணி நேரம். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை அட்டையோடு ஒப்பிடுவது, ஐம்பதுக்கு ஒருமுறை ஸ்கேலை வைத்து வெளிச்சம் பார்ப்பது. பிறை மெலிந்து மெலிந்து நூலாகி, ஒரு கட்டத்தில் மறைந்தது. இப்போது ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் மயிரிழை ஆடியது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டத்தை விரல் உணர்ந்தபோது அன்றைய வேலையை நிறுத்தினேன். அந்த நிலையில் அது கத்தியே அல்ல. வாய் இருந்த இடத்தில் 0.7 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான வெள்ளிக்கோடு.

இரண்டாவது ஞாயிறு, அடியில் காடி, அதாவது ஒரு சிறு வெட்டுப்பள்ளம், எடுக்கும் வேலை. இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கூர் முடிகிற இடத்தில் கூரில்லாத தடித்த பகுதி தொடங்குகிறது. தீட்டும்போது கல்லின் ஓரம் அந்தத் தடிப்பில் இடிக்கும், அடியில் 3, 4 மி.மீ. வாய் கல்லைத் தொடாமலே நிற்கும். அதற்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே போகும்; சில வருடத்தில் அங்கே புதிதாக ஒரு உள்வளைவு உருவாகும். நேராகப் பிறந்த கத்திகள்கூட நெளிந்துபோவது இப்படித்தான். வீட்டில் பழைய கத்தி இருந்தால் எடுத்துப் பாருங்கள், பிடிக்கு அருகே ஒரு பல் போல் நீட்டிக்கொண்டிருக்கும். கூருக்கும் தடிப்புக்கும் நடுவே ஓர் அரைவட்டக் காடி எடுத்துவிட்டால் கல்லின் ஓரம் அந்த வெற்றிடத்தில் நிற்கும், வாய் கடைசிப் புள்ளி வரை கல்லில் படியும். என் கத்தியில் அடி மேட்டைத் தாழ்த்திவிட்டதால் தடிப்பு இன்னும் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. காடி இல்லாமல் தீட்டவே முடியாது.

அகலம் 5, ஆழம் 2.5 மி.மீ. கம்பியில் முட்டும் மூலைக்கும் காடிக்கும் நடுவே 3 மி.மீ. உலோகம் மிஞ்சும்படி இடம் குறித்தேன். தகட்டை இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கினேன். வைரப்பொடி பூசிய உருட்டு ஊசி அரம்தான் ஆயுதம். அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது. வைரத்துகள்கள் நிக்கல் பூச்சில் பாதி புதைந்துதான் நிற்கின்றன, அழுத்தினால் பெயர்ந்து போய் வெறும் கம்பி மிஞ்சும். அரத்தின் எடை மட்டும் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர், முன்னோக்கி ஒரு தள்ளு, தூக்கிப் பின்னால் கொண்டுவந்து மறுபடி. சாம்பல் நிறச் சேறு காடியிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது.

காடியின் அடி உருண்டையாகவே இருக்க வேண்டும். அவசரத்துக்கு முக்கோண அரத்தால் வி வடிவில் வெட்டினால் பதம் ஏறிய எஃகில் அந்தக் கூர்மூலை விரிசலுக்கு வாசலாகும். ஒருநாள் நெம்பும்போது அங்கிருந்தே ஒடியும். உருண்டை அடியை எமரி சுற்றிய குச்சியால் குறுக்குக் கீறல் மறையும்வரை வழித்தேன். இரண்டு பக்க விளிம்புகளையும் நகம் தடையின்றி வழுக்கும்வரை மழுக்கினேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முழுவதும், நான்காவதில் பாதியும் எடுத்துக்கொண்டது வாயை மெலிதாக்கும் வேலை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மேலே செய்த அத்தனையும் வீண் என்பேன். தகடு முதுகிலிருந்து வாய்வரை ஆப்புபோல மெலிந்துகொண்டு வருகிறது. வாயிலிருந்து 1.8 மில்லிமீட்டரை நீக்கினால் நீங்கள் ஆப்பின் மெல்லிய பகுதியைத்தான் வெட்டி எறிகிறீர்கள். புதிய வாய் அதைவிடக் கனமான இடத்தில் விழுகிறது. முன்பு கூருக்கு மேலே 0.55 மி.மீ. இருந்த கனம் இப்போது அடியிலும் நுனிப் பக்கமும் 0.70. அதே 17 டிகிரியில் தீட்டினால் ஒவ்வொரு பக்கமும் சாய்வு 1.1 மி.மீ. அகலத்துக்கு விரியும். சாய்வு விரிய விரியக் கல் கரைக்க வேண்டிய உலோகம் கூடும், தீட்டும் நேரம் கூடும். எளிதாகத் தீட்டத்தானே இவ்வளவும்? அதோடு, கனத்த வாய் மாங்காயை வெட்டாது, பிளக்கும்.

0.70ஐ 0.40 ஆக்க வேண்டும், பக்கத்துக்கு 0.15. தகட்டைப் பக்கவாட்டில் கல்லின் மேல் படுக்க வைத்து, முதுகை மட்டும் 0.6 மி.மீ. உயர்த்தினால் வாயோரம் 6 மி.மீ. அகலப் பட்டை மட்டும் தேயும் என்று கணக்கு வந்தது. அந்த உயரத்தை எப்படிப் பிடிப்பது? எலக்ட்ரீஷியன் டேப் ஒரு சுற்று ஏறத்தாழ 0.13 மி.மீ.; முதுகோரமாக ஐந்து அடுக்கு ஒட்டினேன். முதுகு டேப் மேலும் வாய் கல் மேலும் தாங்கி நிற்க, கை ஆட இடமே இல்லை. டேப் தேயத் தேய மாற்றினேன், மொத்தம் ஏழு தடவை. பக்கத்துக்கு இருநூறு தேய்ப்பு, வெர்னியரால் அளவு, அடுத்த பக்கம். தோள்பட்டை வலித்தது உண்மை. மாலையில் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “புதுக் கத்தியே வாங்கியிருக்கலாமே” என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் புதுக் கத்தியும் ஒருநாள் மழுங்கும், அன்றும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னேன்.

பட்டையின் கீறல்களை 400, 800, 1,200 எமரித் தாள்களால் வரிசையாகக் குறைத்தேன். கண்ணாடிபோல் ஆக்கவில்லை. முதுகுப் பக்கம் ஆலையில் கொடுத்த மங்கல் பூச்சு, வாயோரம் என் கீறல் பட்டை என்று இரண்டு நிறமாகத்தான் இருக்கிறது. வேலை நடந்த இடம் தெரிந்தால் தெரியட்டும்.

நான்காவது ஞாயிறு மதியம், கூர். கையின் கணிப்பை நம்பாமல் மரத்தில் ஓர் ஆப்பு சீவினேன். எனக்கு வேண்டியது பக்கத்துக்கு 17 டிகிரி. தகட்டின் பக்கமே நடுக்கோட்டிலிருந்து 3 டிகிரி சரிந்திருப்பதால் ஆப்பு 14 டிகிரி இருந்தால் போதும்; அதாவது 100 மி.மீ. நீளத்துக்கு 25 மி.மீ. உயரம், நாலுக்கு ஒன்று. அதைக் கல்லின் முனையில் வைத்து, கத்தியை அதன்மேல் சாய்த்துக் கோணத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டு தேய்த்தேன். தீட்டும் முன் வாய்ச்சாய்வு முழுவதும் கறுப்பு மார்க்கரைப் பூசினேன். இரண்டு இழுப்புக்குப் பின் பார்த்தால் கல் தொட்ட இடத்தில் மை போயிருக்கும், தொடாத இடத்தில் நிற்கும். காடியின் விளிம்பிலிருந்து நுனிவரை ஒரே சீராக மை அழிந்திருந்ததைப் பார்த்தபோது, இரண்டு வருடத்தில் முதல்முறையாக இந்தக் கத்தி முழு வாயோடு கல்லில் படிந்திருக்கிறது என்று புரிந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிறு எழும். கட்டைவிரலை வாய்க்குக் குறுக்காக, முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வெளியே இழுத்துப் பார்த்தால் நூல்போல் தடுக்கும். விரலை வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக் கூடாது. பிசிறு அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் எழும்வரை பக்கத்தை மாற்றவில்லை. முரட்டுக் கல்லில் இரு பக்கமும் பிசிறு எழுப்பியபின் மென் கல். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசிப் பத்து இழுப்பு கத்தியின் எடையில் மட்டும். முடிவாகப் பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, பாலிஷ் பட்டறைகளில் கிடைக்கும் பச்சைக் கட்டியைப் பூசி, வாய் பின்னால் வரும்படி பக்கத்துக்கு இருபது இழுப்பு. தோலில் வாயை முன்னால் தள்ளினால் தோலும் கிழியும், கூரும் போகும்.

கீல் வாஷர்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டினேன். மடக்கிப் பார்த்தேன், தடித்த மூலை கம்பியில் போய் முன்புபோலவே முட்டி நின்றது, நுனி பிடிக்கு உள்ளே அதே 1 மி.மீ. அடியில். திறந்து பூட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. நாளிதழின் ஒரு பக்கத்தைத் தொங்கவிட்டு அடியிலிருந்து நுனிவரை இழுத்தேன். கிழிந்த சத்தமே கேட்கவில்லை.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாக்குத் தையல் நூல் சில நேரம் காடியில் மாட்டிக்கொள்கிறது. அறுக்கும்போது கத்தியை அடிவரை இழுக்காமல் பாதியில் நிறுத்தக் கை பழக வேண்டியிருந்தது. ஆழம் 2.5க்குப் பதில் 2 மி.மீ. எடுத்திருந்தால் இது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். தடித்த கயிற்றை ஒரே இழுப்பில் அறுக்கும் அந்தப் பழைய கவ்வலும் போய்விட்டது. இப்போது இரண்டு இழுப்பு தேவைப்படுகிறது. பதிலுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மென் கல்லில் ஐந்தாறு நிமிடம் தீட்டினால் முழு வாயும் ஒன்றுபோல் கூராகிறது. சாணை பிடிக்கும் பெரியவரிடம் காட்டினேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், கட்டைவிரலைக் குறுக்கே வைத்தார், காடியை நகத்தால் தொட்டார். “இனி இது என்னிடம் வராது” என்றார்.

போன வாரம் ஸ்கேலை மறுபடி வைத்துப் பார்த்தேன். நடுவிலிருந்த 0.3 மி.மீ. புடைப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அதே ஸ்கேலைக் கல்லின் மேல் வைத்தபோது கல்லின் நடுவில் குழி விழுந்திருந்தது, அரை மில்லிமீட்டருக்கும் மேல். இத்தனை தேய்ப்பும் அதன் மேல்தான் விழுந்தது. கண்ணாடிப் பலகையில் கார்போரண்டம் பொடியைத் தூவி, தண்ணீர் விட்டுக் கல்லை மட்டமாக்க வேண்டும். வரும் ஞாயிறு அந்த வேலை.